முத்திரை யார் கையில்? – தலாய் லாமா வாரிசு மரபின் வரலாறு

சமயத் தலைமையும் அரசுத் தலைமையும் ஒருவரிடமே குவிந்திருக்கும் நாட்டில், அவர் முதுமையுற்று நோயில் விழும்போது எழும் சிக்கல் பிற ஆட்சிமுறைகளில் அவ்வளவாகக் காணப்படாதது. மன்னருக்கு இளவரசர் இருப்பார். குடியரசுத் தலைவருக்குத் துணைத்தலைவர் இருப்பார். ஆனால் தெய்வத்தன்மை பொருந்தியவராக மக்கள் வணங்கும் ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவருக்கு அடுத்தவரைப் பற்றிப் பேசுவது அபசாரமாகவும், பேசாமல் விடுவது நாட்டுக்குக் கேடாகவும் முடிந்துவிடும். இந்தச் சிக்கலை நம் துணைக்கண்டத்தின் வடக்கு விளிம்பில் மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சுமந்தவர்கள் திபெத்தியர். 1642-இல் ஐந்தாம் தலாய் லாமாவிடம் ஆட்சி ஒப்படைக்கப்பட்டதில் தொடங்கி, 2011-இல் பதினான்காமவர் அதைத் தாமே இறக்கிவைத்தது வரை நீளும் இவ்வரலாற்றின் கடைசி அத்தியாயம் இந்திய மண்ணில், இமாச்சலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் எழுதப்பட்டது.

தலாய் லாமா என்னும் பட்டம் 1578-இல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான், கெலுக் என்னும் துறவிப் பிரிவின் தலைவரான சோனம் கியாட்சோவுக்கு வழங்கியது. அவர் ஏற்கெனவே இரு முன்னோரின் மறுபிறவியாகக் கருதப்பட்டமையால் மூன்றாமவராக எண்ணப்பட்டார். பிறருக்கு உதவும் பொருட்டுத் தாமே விரும்பி மீண்டும் பிறக்கும் உயர்ந்த லாமாவைத் திபெத்தியர் ‘துல்கு’ என்பர். ஒரு துல்கு மறைந்தபின், அவருடைய உடைமைகளை அடையாளம் காணும் குழந்தையைத் தேடி, சோதித்து, மடத்துக்கு அழைத்துவந்து, பல ஆண்டுகள் கல்வி புகட்டி, பிறகுதான் பொறுப்பை ஒப்படைப்பார்கள். துறவிகளுக்கு வாரிசாக மகன் இல்லை என்ற குறையைத் தீர்த்துவைத்த இம்முறை, மடத்துக்கு மிகவும் பொருந்தியது. மடத்தின் தலைவரே நாட்டின் தலைவராகவும் ஆனபோதுதான் அதன் ஊனம் வெளிப்பட்டது. ஒரு தலைவர் மறைவதற்கும் அவருடைய மறுபிறவி பதினெட்டு வயதை எட்டி ஆட்சிப் பொறுப்பேற்பதற்கும் இடையே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்துவிடும். அந்த இருபது ஆண்டுகளில் நாட்டை ஆள்பவர் யார் என்பதற்குச் சமயத்தில் விடை இல்லை.

தமிழ்நாட்டுச் சைவ ஆதீனங்களின் மரபோடு வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு துலங்கும். திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் பண்டாரசந்நிதி, தம் தம்பிரான்களுள் தகுதியுடைய ஒருவரைத் தாம் இருக்கும்போதே தேர்ந்து, ஆசாரிய அபிஷேகம் செய்வித்து, சின்னப்பட்டமாக அமர்த்துவது வழக்கம். உ.வே. சாமிநாதையரின் காலத்தில் திருவாவடுதுறையின் சின்னப்பட்டம் கல்லிடைக்குறிச்சி மடத்தில் இருந்துவந்தார். பெரிய பட்டத்தின் உடல்நிலை எப்படியிருந்தாலும் மடத்தின் நிர்வாகம் தடைப்படாத ஏற்பாடு அது. சின்னப்பட்டத்தைச் சுற்றிப் பூசல்கள் எழுந்ததுண்டு, வழக்குகள் நீதிமன்றம் வரை போனதுண்டு என்பதும் உண்மைதான். ஆயினும் வளர்ந்த ஒருவர், எல்லாரும் அறிய, பக்கத்தில் காத்திருக்கிறார் என்பது பெரிய காப்பு. திபெத்தில் அந்தக் காப்பு இல்லை. அங்கே வாரிசு இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

ஆட்சியின் கருவி முத்திரை. தலாய் லாமாவின் முத்திரை விழாத ஆணை செல்லாது. விழுந்த ஆணையை மறுக்க யாராலும் இயலாது. திருப்பூரில், நொய்யலை ஒட்டிய மண்ணரையில், பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் படுத்த படுக்கையானால், செக்கில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி வைத்தியம் பற்றிய கேள்விக்கு அடுத்தபடியாகவே எழும். லாசாவிலும் அதுவே நிகழ்ந்தது, நூல் கடைக்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் தரவேண்டிய பணத்துக்குப் பதிலாக அங்கே ஒரு நாட்டின் படையும் எல்லையும் அதில் அடங்கியிருந்தன. ஆகவே திபெத்தின் வாரிசு வரலாற்றைப் படிப்பவர், அடுத்த குழந்தை எங்கே கிடைத்தது என்பதைவிட, முத்திரை அதுவரை யாரிடம் இருந்தது என்பதைப் பின்தொடர்வதே முறை.

ஐந்தாம் தலாய் லாமா லோப்சாங் கியாட்சோ (1617–1682), கோஷுத் மங்கோலியரின் தலைவர் குஷி கானின் படைவலியால் 1642-இல் திபெத்தின் தலைமையைப் பெற்றார். லாசாவில் பொட்டாலா அரண்மனையை 1645-இல் கட்டத் தொடங்கியவரும் அவரே. அன்றாட ஆட்சியைக் கவனிக்க ‘தேசி’ என்ற பெயரில் ஓர் அதிகாரி இருந்தார்; 1679-இல் அப்பதவிக்குச் சங்யே கியாட்சோ என்ற இளைஞரைத் தலாய் லாமா அமர்த்தினார். மருத்துவம், கணிதம், சோதிடம், வரலாறு எனப் பல துறைகளில் நூல் எழுதிய பேரறிஞர் அவர். மூன்று ஆண்டுகள் கழித்து 1682-இல் ஐந்தாமவர் பொட்டாலாவில் மறைந்தபோது, அந்தப் பேரறிஞர் செய்த முடிவு திபெத்திய வரலாற்றின் போக்கையே திருப்பியது: மரணத்தை அவர் அறிவிக்கவில்லை.

தலாய் லாமா நீண்ட தியானத்தில் இருக்கிறார், யாரையும் சந்திக்கமாட்டார் என்று சொல்லப்பட்டது. அறைக்கு உணவு தவறாமல் போயிற்று. மங்கோலியத் தலைவர்கள் தரிசனம் கேட்டு வற்புறுத்தியபோது, தோற்றத்தில் அவரை ஒத்த முதிய துறவி ஒருவருக்குத் தலாய் லாமாவின் உடையை அணிவித்து, மங்கலான வெளிச்சத்தில் உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தினார்கள். ஆணைகள் முத்திரையுடன் வெளிவந்துகொண்டே இருந்தன. அரண்மனை கட்டி முடியும் வரையில் தம் மறைவை வெளியிட வேண்டாம் என்று ஐந்தாமவரே பணித்ததாகத் திபெத்திய மரபு கூறும். அது எப்படியாயினும், பொட்டாலாவின் செவ்வரண்மனை 1694-இல் நிறைவுற்ற பின்னும் செய்தி வெளிவரவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1697-இல்தான் அறிவிக்கப்பட்டது. இதைக் கேவலம் பதவி ஆசையாக மட்டும் கொள்வது சங்யே கியாட்சோவுக்கு நியாயம் செய்வதாகாது. மங்கோலியக் குழுக்களும் பீகிங்கின் மஞ்சூ அரசும் திபெத்தின் மேல் கண்வைத்திருந்த நாட்களில், ஒரு கைக்குழந்தையைத் தலைவராகக் காட்டி நாட்டைக் காக்க முடியாது என்று அவர் கணித்தார். கணிப்பு தவறென்று சொல்லிவிட முடியாது. பொய்யின் ஆயுள் நீண்டுபோனதுதான் கேடாயிற்று.

மறுபிறவியான சிறுவன் இதற்குள் மறைவாக வளர்ந்திருந்தான். இன்று அருணாசலப் பிரதேசத்தில் உள்ள தவாங் பகுதியில் 1683-இல் பிறந்த சங்யாங் கியாட்சோ அவன். சிறு வயதிலேயே மடத்தில் சேர்ந்து பயிலவேண்டிய பயிற்சியை முறையாகப் பெறாமல், பதினான்கு வயதில் திடீரென அரியணையில் ஏற்றப்பட்ட அவ்விளைஞர், 1702-இல் தம் துறவு விரதங்களைத் திருப்பித் தந்துவிட்டார். ஏமாற்றப்பட்டதை அறிந்த மஞ்சூ பேரரசர் காங்சியின் சினம் ஒருபுறம், குஷி கானின் வழிவந்த லாஜாங் கானின் பகை மறுபுறம் என நெருக்கடி முற்றி, 1705-இல் சங்யே கியாட்சோ கொல்லப்பட்டார். ஆறாம் தலாய் லாமா கைதியாகக் கொண்டுசெல்லப்படும் வழியில் 1706-இல் மறைந்தார். லாஜாங் கான் தம் விருப்பப்படி வேறொருவரைத் தலாய் லாமாவாக அமர்த்த, மக்கள் அவரை ஏற்கவில்லை. 1717-இல் சுங்கார் மங்கோலியர் படையெடுத்தனர். 1720-இல் ஏழாமவரை அழைத்துக்கொண்டு மஞ்சூ படை லாசாவுக்குள் நுழைந்தது. பொட்டாலாவின் மூடிய அறை ஒன்றில் தொடங்கிய மறைப்பு, நாற்பது ஆண்டுகளுக்குள் அயல் படையைத் தலைநகருக்கு அழைத்துவந்து முடிந்தது.

பூட்டானிலும் இதையொத்த மறைப்பு நிகழ்ந்தது. அந்நாட்டை ஒன்றுபடுத்திய ஷப்துருங் நவாங் நம்கியால் 1651-இல் புனாகா கோட்டையில் மறைந்தார். அவர் தவத்தில் இருப்பதாகச் சொல்லியே ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி நடத்தினார்கள்.

திபெத்தில் 1757-இல் ஏழாமவர் மறைந்தபின், குழந்தை வளரும் வரையில் ஆள ஓர் உயர் லாமாவை இடைக்கால ஆட்சியாளராக நியமிக்கும் வழக்கம் நிலைபெற்றது. மறைப்பைவிட இது நேர்மையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதற்குள் வேறொரு நச்சு இருந்தது. குழந்தை வளர்ந்து பெரியவரானால் இடைக்கால ஆட்சியாளரின் பதவி போய்விடும். ஒன்பதாம் தலாய் லாமா பத்து வயதை எட்டுமுன் 1815-இல் மறைந்தார். பத்தாமவர் 1837-இல் இருபத்தொரு வயதில். பதினொன்றாமவர் 1856-இல் பதினேழு வயதில். பன்னிரண்டாமவர் 1875-இல் பதினெட்டு வயதில். எட்டாமவர் மறைந்த 1804 முதல் பதின்மூன்றாமவர் பொறுப்பேற்ற 1895 வரையிலான 91 ஆண்டுகளில், தலாய் லாமா ஒருவர் தாமே ஆண்ட காலம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே. இந்த இளவயது மரணங்களுள் எத்தனை இயற்கையானவை என்று திபெத்தியரே ஐயுற்றனர். அம்மை போன்ற நோய்கள் பரவிய காலம் அது என்பதால் எல்லாவற்றையும் சூழ்ச்சி என்று தீர்ப்பிடவும் இயலாது. ஐயம் நீங்காமல் நின்றதே அந்த ஆட்சிமுறையின் மேல் சாட்டப்படும் பெரிய குற்றம்.

இக்காலத்தில்தான் மஞ்சூ அரசு பொற்குடத்தைக் கொண்டுவந்தது. நேபாளக் கூர்க்காக்களின் படையெடுப்பை முறியடிக்க உதவிய பின், 1793-இல் சியன்லோங் பேரரசர் பிறப்பித்த 29 விதிகளுள் ஒன்று, மறுபிறவிகளெனக் கருதப்படும் குழந்தைகளின் பெயர்களை ஒரு பொற்குடத்தில் இட்டுக் குலுக்கி எடுக்கவேண்டும் என்றது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் தலாய் லாமாக்களுக்கு அது பயன்பட்டது. ஒன்பது, பதின்மூன்று, பதினான்காமவர்களுக்குப் பயன்படவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் குடத்தை முன்வைத்தே சீனா உரிமை கொண்டாடுகிறது என்பதால் இது நினைவில் கொள்ளத்தக்கது.

பதின்மூன்றாம் தலாய் லாமா துப்தன் கியாட்சோ 1876-இல் பிறந்து, 1895-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். சில ஆண்டுகளிலேயே, முன்பு இடைக்கால ஆட்சியாளராயிருந்த தெமோ ரின்போச்சே மேல் சூனியக் குற்றச்சாட்டு எழுந்தது. பரிசாகத் தரப்பட்ட ஒரு சோடி பூட்ஸின் அடித்தோலுக்குள் தலாய் லாமாவுக்குக் கேடு செய்யும் மந்திரத் தகடு தைக்கப்பட்டிருந்ததாகச் சொன்னார்கள். தெமோ சிறைப்பட்டுக் காவலிலேயே மாண்டார். முந்தைய நால்வரின் முடிவை அறிந்த ஒருவர், ஆட்சியை விட்டிறங்கிய பழைய அதிகாரியை எப்படிப் பார்த்திருப்பார் என்பதை ஊகிக்கலாம். அதன்பின் துப்தன் கியாட்சோ வலிமையான ஆட்சியாளரானார். 1904-இல் பிரிட்டிஷ் படை வந்தபோது மங்கோலியாவுக்கும், 1910-இல் சீனப் படை வந்தபோது டார்ஜிலிங்குக்கும் தப்பிச்சென்று, 1913-இல் லாசா திரும்பி நாட்டின் தன்னுரிமையை அறிவித்தார். புதுப் படை, புதுப் பணம், தபால் என நாட்டைத் தற்காலத்துக்குக் கொண்டுவர முயன்ற அவருக்கு, மடங்களின் எதிர்ப்பு ஓயாத தடையாக இருந்தது. 1932-இல் எழுதிய இறுதி அறிவுரையில், விழிப்போடு இல்லாவிட்டால் சமயமும் அரசும் அழியும் என்று எச்சரித்தார்.

1933 டிசம்பரில் அவருக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. அவ்வேளையில் அவரை நெருங்கும் உரிமை மிகச் சிலருக்கே இருந்தது. அவர்களுள் முதன்மையானவர் குன்பெலா. எளிய குடியானவர் குடும்பத்தில் பிறந்து, அரண்மனையில் பணியாளாகச் சேர்ந்து, தலாய் லாமாவின் நம்பிக்கையால் நாட்டின் மிகச் செல்வாக்குள்ள மனிதராக உயர்ந்தவர். வெடிமருந்துச் சாலையும் நாணயச்சாலையும் அவர் பொறுப்பில் இருந்தன. வசதியான வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு திரட்டிய புதிய படைப்பிரிவு ஒன்றும் அவருடைய முயற்சியால் எழுந்தது. ஆனால் அவருக்குக் குலப்பெருமையும் இல்லை, ‘காஷாக்’ எனப்படும் அமைச்சரவையில் இடமும் இல்லை. தலாய் லாமா மூச்சுவிடும் வரையில்தான் அவருடைய அதிகாரம். படுக்கையருகில் நின்றவரின் நிலை இது. இனி அங்கே நடந்ததைப் பார்க்கலாம்.

நோய் முற்றுவதை அமைச்சர்களுக்கோ மூன்று பெருமடங்களுக்கோ முறைப்படி யாரும் தெரிவிக்கவில்லை. அரசின் குறிசொல்லியான நெச்சுங் மடத்தின் சாமியாடி வரவழைக்கப்பட்டார். அருள்வந்த நிலையில், சளியை அடக்குவதாகப் பெயர்பெற்ற ஒரு மருந்தைக் கொடுக்கச் சொன்னார். தலாய் லாமா அதை விரும்பவில்லை என்றும், ஏறக்குறைய வற்புறுத்தியே புகட்டினார்கள் என்றும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தது. அதன்பின் நிலைமை மோசமாகி, டிசம்பர் 17 அன்று 57 வயதில் அவர் மறைந்தார். லாசா மக்களுக்கு நோயின் செய்தியும் சாவின் செய்தியும் ஏறத்தாழ ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. தேசிய மன்றம் கூடிக் குன்பெலாவையும், வைத்தியரையும், நெச்சுங் சாமியாடியையும் விசாரித்தது. நஞ்சு கொடுத்ததாக எதுவும் நிறுவப்படவில்லை. நோயை மறைத்தது ஏன் என்ற கேள்விக்கு அவர்களால் விடை சொல்ல முடியவில்லை. அதற்குள் குன்பெலாவின் படைப்பிரிவினர், வாட்டும் பணியிலிருந்து விடுதலை கிடைத்தால் போதுமென்று கலைந்து போயிருந்தனர். அவர் கொங்போ பகுதிக்கு நாடுகடத்தப்பட்டார்; சில ஆண்டுகள் கழித்து அங்கிருந்து தப்பி இந்தியாவின் காலிம்போங்கை அடைந்தார்.

1913-இல் நான்கு திபெத்திய மாணவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றவரும் உலக நடப்பு அறிந்தவருமான லுங்ஷார் என்ற அதிகாரி, குன்பெலாவின் வீழ்ச்சிக்குப்பின் தம் முறை வந்ததென்று கருதினார். அமைச்சர்கள் வாழ்நாள் முழுதும் பதவியில் இருக்கும் வழக்கத்தை மாற்றி, தேசிய மன்றத்துக்கு அதிகாரம் தரவேண்டும் என்று ஒரு குழுவைத் திரட்டினார். 1934 மே மாதம் அவர் கைதானபோது, அவருடைய பூட்ஸுக்குள் பகை அமைச்சர் திரிமோனின் பெயர் எழுதிய காகிதம் கிடைத்ததாகக் குற்றம் சாட்டினார்கள். காலின்கீழ் மிதிபடும் பெயருக்குரியவர் அழிவார் என்பது நம்பிக்கை. லுங்ஷாரின் இரு கண்களும் பிடுங்கப்பட்டன. நாட்டின் ஆட்சியமைப்பை மாற்றலாம் என்று எண்ணிய ஒருவருக்கு நேர்ந்த கதி மற்றவர்களின் வாயை ஒரு தலைமுறைக்கு அடைத்தது. வாரிசு வெற்றிடத்தில் திபெத் இழந்தவற்றுள் இதையே மிகப் பெரிய இழப்பாகக் கொள்ளவேண்டும்.

இதற்குமுன் 1934 சனவரியிலேயே இடைக்கால ஆட்சியாளர் தேர்வு முடிந்திருந்தது. தகுதியானவர்களாகக் கருதிய உயர் லாமாக்களின் பெயர்களைப் பொட்டாலாவின் புனித உருவத்தின் முன்னே குலுக்கிப் போட்டதில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ரெட்டிங் ரின்போச்சேயின் பெயர் வந்தது. 1935-இல் அவர் லாமோ லாட்சோ ஏரியில் கண்ட காட்சியின் வழியே தேடுதல் நடந்து, ஆம்தோ பகுதியின் தக்ஸேர் சிற்றூரில் அதே ஆண்டு சூலை 6 அன்று பிறந்த குழந்தை அடையாளம் காணப்பட்டது. 1940 பிப்ரவரியில் லாசாவில் அரியணையேற்றம் நடந்தது. 1941-இல் ரெட்டிங், தம் முதிய ஆசான் தக்த்ரா ரின்போச்சேயிடம் பதவியை விட்டு விலகினார். சில ஆண்டுகளில் திரும்பப் பெறுவதாக எண்ணமிருந்தது. தக்த்ரா திருப்பித் தரவில்லை. பகை வளர்ந்து, 1947-இல் தக்த்ராவுக்கு வெடிகுண்டுப் பொட்டலம் அனுப்பியதாகக் குற்றம்சாட்டப்பட்ட ரெட்டிங் பொட்டாலாவின் சிறையில் மாண்டார். அவருக்காகச் சேரா மடத்துத் துறவிகள் ஆயுதம் ஏந்தினர். இந்தியா விடுதலை பெற்ற ஆண்டில், சீன உள்நாட்டுப் போர் மூண்டிருந்த ஆண்டில், லாசாவின் கவனமெல்லாம் இரு லாமாக்களின் பூசலில் இருந்தது.

சீனாவோ வெற்றிடத்தைக் கண்டுகொண்டது. மறைந்த தலாய் லாமாவுக்கு அஞ்சலி செலுத்துவதாக 1934-இல் ஹுவாங் முசோங் தலைமையில் வந்த குழு, திரும்பும்போது வானொலிக் கருவியையும் அதை இயக்கும் ஆட்களையும் லாசாவில் விட்டுச் சென்றது. 1913-இல் வெளியேற்றப்பட்ட சீன அரசு இரங்கல் சொல்லிக்கொண்டு மறுபடி உள்ளே வந்துவிட்டது. 1950 அக்டோபரில் செஞ்சேனை கிழக்குத் திபெத்தில் புகுந்தபோது, வேறு வழியின்றி நவம்பர் 17 அன்று பதினைந்து வயதுப் பதினான்காம் தலாய் லாமாவிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தனர். ஏறத்தாழ பதினேழு ஆண்டு வெற்றிடம், அதை நிரப்ப ஒரு சிறுவனைப் போர்முனையில் நிறுத்தியதோடு முடிந்தது.

மற்ற நாடுகள் இதே கேள்விக்கு வெவ்வேறு விடை கண்டன. மங்கோலியாவில் சமயத் தலைவராகவும் மன்னராகவும் இருந்த போக்டு கான், பார்வை மங்கி நோயுற்று 1924 மே மாதம் மறைந்தார். அடுத்த மறுபிறவியைத் தேடவிடாமல், அவ்வாண்டு நவம்பரில் அங்கே மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. ஈரானில் ஆயத்துல்லா கொமெய்னி தமக்கு அடுத்தவராக அறியப்பட்ட மோண்டசெரியை 1989 மார்ச்சில் விலக்கிவிட்டு, சூன் 3 அன்று மறைந்தார். மறுநாளே வல்லுநர் அவை கமெனெயியைத் தேர்ந்தது, அவருக்கு இல்லாத உயர் சமயத் தகுதி வேண்டும் என்ற விதியை நீக்கும் அரசியல் சட்டத் திருத்தம் சூலையில் வந்தது. வத்திக்கானில் போப் மறைந்தபின் என்ன செய்யவேண்டும் என்பதற்கு மணிக்கணக்கில் விதிகள் உண்டு. நினைவிழந்து படுத்திருக்கும் போப்பின் பணியை யார் செய்வது என்பதற்குத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. 2013-இல் பதினாறாம் பெனடிக்ட் முதுமையைக் காரணம் காட்டி விலகியது அதனாலேயே உலகை வியக்கவைத்தது.

1959 மார்ச் 31 அன்று, ஆறாமவர் பிறந்த அதே தவாங் பகுதியின் வழியாகப் பதினான்காம் தலாய் லாமா சீனப் பிடியிலிருந்து தப்பி இந்தியாவுக்குள் வந்தார். அடுத்த ஆண்டே, 1960 செப்டம்பர் 2 அன்று, அகதிகள் தேர்ந்தெடுத்த மக்கள் பிரதிநிதிகள் பொறுப்பேற்றனர். 1963-இல் வெளியிட்ட அரசியல் சட்டத்தில், தேசிய அவையின் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் தலாய் லாமாவின் அதிகாரத்தைப் பறிக்கலாம் என்ற பிரிவைச் சேர்க்க அவரே வற்புறுத்தினார். அதைக் கேட்டு மக்கள் திகைத்தனர். 1991-இன் சாசனம், ஒற்றை லாமாவின் இடைக்கால ஆட்சிக்குப் பதிலாக, தேர்ந்தெடுக்கப்பட்ட மூவர் குழுவை வைத்தது. முப்பது வயதை எட்டாத ஒருவர் தம் அதிகாரத்துக்குத் தாமே வரம்பு கட்டத் தொடங்கியது, தெமோவும் லுங்ஷாரும் ரெட்டிங்கும் கிடந்த வரலாற்றை அவர் நன்றாகப் படித்திருந்தார் என்பதையே காட்டுகிறது.

இம்மாற்றத்தைத் தாங்கியவர்கள் கர்நாடகத்தின் பைலகுப்பே முதல் டார்ஜிலிங் வரை குடியேறிய எளிய அகதிகள். திருப்பூர் பருத்திப் பின்னலாடைக்குப் பெயர்பெற்றது போலக் கம்பளிப் பின்னலாடைக்குப் பெயர்பெற்ற லூதியானாவில், கடனுக்குச் சரக்கு எடுத்து, குளிர்காலம் முழுதும் இந்திய நகரங்களின் நடைபாதைகளில் ஸ்வெட்டர் விற்பது அவர்களுள் பல குடும்பங்களின் பிழைப்பு. அந்த வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் தங்கள் நிர்வாகத்துக்கு ஒரு சிறு தொகையை விருப்பக் கொடையாகச் செலுத்துவர். 1972-இல் தொடங்கிய இம்முறையில், செலுத்தியதைப் பதிவுசெய்யும் ‘பச்சைப் புத்தகம்’ ஒவ்வொருவரிடமும் இருக்கும். அப்புத்தகத்தில் பாக்கி இல்லாதவருக்கே வாக்குரிமை. முந்நூறு ஆண்டுகளாக அரண்மனை அறைக்குள் முடிவான ஆட்சியுரிமை, ஸ்வெட்டர் கடைக்காரரின் கையிலிருக்கும் ஒரு சிறு புத்தகத்துக்கு இப்படி வந்து சேர்ந்தது.

2001-இல் நிர்வாகத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தனர். சாம்தோங் ரின்போச்சே வென்றார். 2011 மார்ச்சில், 75 வயதில், நோய் எதுவும் நெருக்காத நிலையில், அரசியல் அதிகாரம் முழுவதையும் துறப்பதாகத் தலாய் லாமா நாடாளுமன்றத்துக்கு எழுதினார். மறுபரிசீலனை செய்யுமாறு உறுப்பினர்கள் கெஞ்சினர். பெயரளவுக்காவது தலைவராக இருக்கும்படி மே மாதம் கூடிய பொது மாநாடு வேண்டியது. அவர் இரண்டையும் மறுத்தார். மே 29 அன்று சாசனத் திருத்தத்தில் கையொப்பமிட்டார். ஏறத்தாழ 49,000 பேர் வாக்களித்த தேர்தலில் 55 விழுக்காடு பெற்ற லோப்சாங் சாங்கே, டார்ஜிலிங் பக்கத்து அகதிக் குடியிருப்பில் பிறந்து சட்டம் பயின்றவர், ஆகஸ்டு 8 அன்று பதவியேற்றார். ஏழாம் தலாய் லாமா காஷாக்குக்கு வழங்கிய பழைய முத்திரை, பகல் வெளிச்சத்தில், மக்கள் கண்முன், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. 2021 மே மாதம் அது அடுத்துத் தேர்வான பென்பா செரிங்கிடம் சென்றது.

சமய வாரிசுரிமை இன்னும் தீரவில்லை. 1995 மே மாதம் தலாய் லாமா, தமக்கு அடுத்த நிலையில் மதிக்கப்படும் பஞ்சன் லாமாவின் மறுபிறவியாக அறிவித்த ஆறு வயதுச் சிறுவனைச் சீன அதிகாரிகள் மூன்றே நாளில் கொண்டுசென்றனர். அவர் அதன்பின் வெளியுலகின் பார்வைக்கு வரவேயில்லை. நவம்பரில் பொற்குடத்தைக் குலுக்கி வேறொருவரை அமர்த்தினர். 2007-இல், அரசின் ஒப்புதலின்றி மறுபிறவியை அறிவிக்கக்கூடாது என்று ஆணையும் பிறப்பித்தனர். 2024 சூனில் தலாய் லாமா முழங்கால் அறுவை மருத்துவத்துக்காக நியூயார்க் சென்றார். தரம்சாலாவில் நிர்வாகம் வழக்கம்போல் நடந்தது, யாருடைய கையொப்பமும் காத்துக்கிடக்கவில்லை. 2025 சூலை 2 அன்று, 90-ஆம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னதாக, தலாய் லாமா மரபு தொடரும் என்றும், மறுபிறவியை ஏற்கும் உரிமை தாம் நிறுவிய காதென் போட்ராங் அறக்கட்டளைக்கே உண்டு என்றும் அவர் அறிவித்தார். பீகிங் உடனே மறுத்தது. அவருக்குப்பின் தரம்சாலா ஒரு குழந்தையையும் பீகிங் வேறொரு குழந்தையையும் காட்டுவது பெரும்பாலும் நடக்கக்கூடியதே. ஆயினும் 1682-இலும் 1933-இலும் நேர்ந்தது மீண்டும் நேராது; எந்தக் குழந்தையைக் கைப்பற்றினாலும் அதனோடு சேர்த்துக் கைப்பற்ற இப்போது ஆட்சி முத்திரை இல்லை.